பட்டியல் இணைப்பில் விடுபடுவன: ஆழ்வார்திருநகரிச் சான்றுகள் கொண்டு ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழாராய்ச்சியிற் பட்டியல்கள் பெறும் இடம் பெரிது. பாடினோர் பட்டியல், பாடப்பட்டோர் பட்டியல், ஊர்ப் பட்டியல், பாட வேறுபாட்டுப் பட்டியல் என இவை பல வகைப்படும். முன்னர்த் தாளிலும் அட்டையிலும் எழுதிவைக்கப்பெற்ற இவை இன்று கணிப்பொறியின் தரவுத்தளங்களில் அட்டவணைகளாக அமைகின்றன. ஆயிரக்கணக்கான செய்திகளை நொடிப்பொழுதிற் பொருத்திக் காட்டும் ஆற்றல் அக்கருவிக்கு உண்டு. ஆயின் இரண்டு பட்டியல்களைப் பொருத்துங்கால், ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லையாயின் அஃது யாதாகின்றது என்னும் வினா எழுதல் இயல்பு. கருவியை வாளா நம்பிப் பயன்படுத்துவார்க்கு அச்செய்தி ஓசையின்றி மறைந்துவிடும். மறைந்தது என்பதும் தெரியவாராது. அங்ஙனம் மறையாமற் காக்கும் முறையையும், அம்முறைக்குரிய கட்டளை சில கருவிகளில் இல்லாதவிடத்து மேற்கொள்ளத்தகும் வழியையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பொருநைக்கரைத் திருக்குருகூராகிய ஆழ்வார்திருநகரியைச் சார்ந்தன.

1. அகவிணைப்பும் புறவிணைப்பும்

அட்டவணையில் குறுக்காகச் செல்வது நிரை. நெடுக்காகச் செல்வது நிரல். ஒரு செய்திக்கு ஒரு நிரை. ஒரு தன்மைக்கு ஒரு நிரல். இரண்டு அட்டவணைகட்கும் பொதுவான நிரல் ஒன்றைத் துணையாகக் கொண்டு அவற்றின் நிரைகளைப் பொருத்துவதே இணைப்பு எனப்படும். துணையாக நின்ற அந்நிரலைத் திறவுநிரல் என்பாம்.

இணைப்பு இருவகைத்து. இரண்டிலும் பொருந்தி நிற்கும் நிரைகளை மட்டும் காட்டுவது அகவிணைப்பு. பொருந்தா நிரைகளையும் விடாது, துணை இல்லாத பக்கத்தை வெற்றிடமாக விட்டுக் காட்டுவது புறவிணைப்பு. பொருளிலக்கணத்து அகம் புறம் என்பவற்றோடு இப்பெயர்கட்கு யாதொரு தொடர்பும் இன்று. புறவிணைப்பு மீண்டும் மூன்றாகும். முதற்பட்டியலின் நிரைகள் யாவற்றையும் காப்பது இடப்புற இணைப்பு. இரண்டாவதன் நிரைகள் யாவற்றையும் காப்பது வலப்புற இணைப்பு. இரண்டையும் ஒருங்கே காப்பது முழுப்புற இணைப்பு.

இம்முறை நமக்குப் புதியதன்று. ஏடு ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் செய்துவந்தது இதுவே. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி வந்த ஊர்களுள் ஆழ்வார்திருநகரியும் ஒன்று. இங்கு இலக்குமண கவிராயர் இல்லத்து ஏடுகளை அவர் ஆராய்ந்தார். ஓர் ஏட்டில் உள்ள அடி மற்றோர் ஏட்டில் இல்லையாயின், இரண்டிலும் உள்ளதை மட்டும் கொண்டு எஞ்சியதைத் தள்ளிவிடும் பதிப்பாசிரியர் எவரும் இலர். உள்ளதை உள்ளவாறு கொண்டு, இல்லாத ஏட்டின் நேர் இல்லை எனக் குறிப்பர். அக்குறிப்பே பின்வருவார்க்கு ஆராய்ச்சிக் களமாகும். கணிப்பொறியின் அகவிணைப்போ, கேளாமலே எஞ்சியதைத் தள்ளிவிடும் இயல்பினது.

2. மதுரகவியார் மறையுமாறு

இத்தள்ளுதலால் விளையும் கேட்டினை ஒரு சான்றாற் காண்பாம். பன்னிரு ஆழ்வார்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் உள்ளன எனக் கொள்க. அவர்களாற் பாடப்பெற்ற திருப்பதிகளும் பாடிய இடங்களும் மற்றொரு பட்டியலில் உள்ளன. ‘ஒவ்வோர் ஆழ்வாரும் பாடிய திருப்பதிகள் யாவை?’ என வினவி இரண்டனையும் அகவிணைப்பால் பொருத்தினால், விடையிற் பதினொருவரே வருவர். விடுபட்டவர் மதுரகவியாழ்வார்.

அவர் விடுபட்டதன் காரணம் வெளிப்படை. அவர் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பு 11 பாசுரங்களை உடையது. அது நம்மாழ்வாரையே பொருளாகக் கொண்டது. திருப்பதி எதனையும் மங்களாசாசனம் செய்வதன்று. ஆதலின் திருப்பதிப் பட்டியலில் அவர்க்குரிய நிரை இல்லை. நிரை இல்லாமையால் இணைப்பில் அவர் பெயரும் இல்லையாயிற்று. அவ்விடையைக் கண்டு, ஆழ்வார்களின் தொகையைக் கணிப்பொறியே பதினொன்று எனக் காட்டிற்று என்று ஒருவர் எழுதின் அது பெரும் பிழையாகும்.

வினாவை இன்னும் சுருக்கி, பொருநைக்கரைத் திருப்பதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளினும் நிலைமை நன்கு புலப்படும். திருக்குருகூர், திருக்கோளூர், தென்திருப்பேரை, தொலைவில்லிமங்கலம், திருக்குளந்தை, திருப்புளிங்குடி, வரகுணமங்கை, திருவைகுண்டம் ஆகிய எட்டனையும் பாடியவர் நம்மாழ்வார் ஒருவரே. அகவிணைப்பில் அவர் பெயர் எட்டு முறை வரும்; பிறர் பெயர் ஒன்றும் வாராது. இடப்புற இணைப்பிலோ நம்மாழ்வாரின் எட்டு நிரைகளோடு, எஞ்சிய பதினொருவரும் வெற்றிடத்தோடு வந்து நிற்பர். அப்பதினொருவருள் திருக்கோளூரிலே பிறந்த மதுரகவியாரும் ஒருவர். தாம் பிறந்த ஊர் பட்டியலில் இருந்தும் அதனைப் பாடாத ஆழ்வார் ஒருவர் உளர் என்னும் செய்தி, அவ்வெற்றிடத்தாலன்றி நமக்குத் தோன்றாது.

3. கட்டளை இல்வழிச் செய்யத்தகுவன

புறவிணைப்பு வினவல்மொழியில் தொடக்கத்திலேயே அமைந்ததன்று. தரவுகளை நிரையும் நிரலும் கொண்ட உறவுகளாகக் கருதும் கோட்பாட்டை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்டார். 1979-இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையிற் புறவிணைப்பும் இடம் பெற்றது. எனினும் எஸ்கியூஎல் என்னும் வினவல்மொழிக்கு 1986-இல் முதன்முதலாகத் தரம் வகுக்கப்பட்டபோது அஃது அதன்கண் சேர்க்கப்படவில்லை. 1992-ஆம் ஆண்டுத் தரத்திலேயே சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆரக்கிள் போன்ற மென்பொருள்கள் தமக்கெனத் தனிக்குறிகளை வகுத்துக்கொண்டன.

தரம் வகுத்த பின்னரும் எல்லாக் கருவிகளும் அதனை முற்றக் கொள்ளவில்லை. மைஎஸ்கியூஎல் இடப்புற இணைப்பையும் வலப்புற இணைப்பையும் தரும்; முழுப்புற இணைப்பைத் தருவதில்லை. அக்செஸ் என்பதும் அத்தகையதே. எஸ்கியூலைட் 2022-இல் வந்த 3.39-ஆம் பதிப்பிற்கு முன்னர் இடப்புற இணைப்பொன்றையே உடையதாயிருந்தது. எளிதிற் கிடைக்கும் இக்கருவிகளைக் கையாளும் ஆய்வாளர், வேண்டும் கட்டளை இல்லாமையைக் காரணமாகக் காட்டி அகவிணைப்போடு அமைந்துவிடுதல் கூடாது. உள்ள கட்டளைகளைக் கொண்டே முழுப்புற இணைப்பை ஆக்கிக்கொள்ளலாம். அவ்வழி மூன்று படிகளை உடையது.

முதற்படி: இரண்டு பட்டியல்களையும் இடப்புற இணைப்பால் பொருத்துக. முதற்பட்டியலின் நிரைகள் யாவும், துணை பெற்றனவும் பெறாதனவும், இதன்கண் வந்துவிடும்.

இரண்டாம் படி: இரண்டாம் பட்டியலின் நிரைகளுள் முதற்பட்டியலில் துணை இல்லாதன எவையோ அவற்றை மட்டும் பிரித்தெடுக்க. ‘இதற்கு நேரானது அங்கு உளதாகாதாயின்’ என வினவும் ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ என்னும் தொடர் இதற்கு உதவும். முதற்பட்டியலுக்குரிய நிரல்களில் வெற்றிடக் குறியாகிய ‘நல்’ என்பதை இடுக.

மூன்றாம் படி: இவ்விரு விடைகளையும் ‘யூனியன் ஆல்’ என்னும் சேர்ப்பால் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க.

இடப்புற இணைப்பும் இல்லாத பழைய கருவியாயின் முதற்படியை இரண்டாகப் பகுத்தல் வேண்டும். அகவிணைப்பால் வருவன ஒரு பகுதி. முதற்பட்டியலில் துணையின்றி நிற்பன மற்றொரு பகுதி. இரண்டாம் படியோடு இவை மூன்றாகும். பொருந்தின, முதலில் மட்டும் உள்ளன, இரண்டாவதில் மட்டும் உள்ளன என்னும் இம்மூன்று பகுதிகளும் தம்முள் ஒன்றையொன்று தழுவா. இவற்றிற்கு வெளியே எஞ்சி நிற்பதும் இன்று. ஆதலின் மூன்றன் தொகை முழுப்புற இணைப்பே ஆகும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டப்படும். ஒன்று, சேர்க்கப்படும் பகுதிகளில் நிரல்களின் வரிசை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சேர்ப்பு நிரலின் பெயரை நோக்காது. அது நிற்கும் இடத்தையே நோக்கும். ஊர்ப்பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஆழ்வார் பெயர் நின்றாலும் அது தடுப்பதில்லை. மற்றொன்று, ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ தொடர்க்கு மாறாக, பட்டியல்களை இடம் மாற்றி இணைத்து வெற்றிடம் உள்ள நிரைகளைத் தெரிந்தெடுக்கும் வழியும் உண்டு. அவ்வழிச் செல்வார், தன் பட்டியலில் ஒருபோதும் வெற்றிடமாகாத நிரலையே சோதனைக்குக் கொள்ளல் வேண்டும். இயல்பாகவே சிலவிடங்களில் நிரப்பப்படாத நிரலைக் கொண்டால், துணை பெற்றதும் பெறாததுபோலத் தோன்றும்.

மேலும், ‘சான்று’ எனப் புதுநிரல் ஒன்று அமைத்து, ‘இரண்டிலும்’, ‘முதலில் மட்டும்’, ‘இரண்டாவதில் மட்டும்’ என ஒவ்வொரு பகுதிக்கும் எழுதிவிடுதல் நன்று. நிரை எப்பகுதியினின்று வந்தது என்பதைப் பின்னர் ஊகிக்க வேண்டுவதில்லை.

4. ஒன்பதும் பதினெட்டும்

மேற்கூறிய முறையை இரண்டு சிறு பட்டியல்களிற் செலுத்திக் காண்பாம். முதற்பட்டியல் நவதிருப்பதி எனப்படும் ஒன்பது கோயில்களை உடையது. இரண்டாம் பட்டியல் பாண்டிநாட்டுத் திவ்விய தேசங்கள் பதினெட்டனை உடையது. திருமாலிருஞ்சோலை, திருக்கோட்டியூர், திருமோகூர், திருக்குறுங்குடி முதலியனவும் இரண்டாவதன்கண் உள்ளன.

ஊர்ப்பெயரையே திறவுநிரலாகக் கொள்வாம். ஆழ்வார்திருநகரி என ஒன்றிலும் திருக்குருகூர் என மற்றொன்றிலும் இருத்தல் போன்ற வேறுபாடுகளை முன்னரே ஒருமைப்படுத்திவிட்டதாகவும் கொள்க. அகவிணைப்பால் ஏழு நிரைகள் வரும். ஏழும் பிழையற்றனவாகவே தோன்றும். ஐயம் எழ இடமில்லை. முழுப்புற இணைப்பை ஆக்கிப் பார்த்தாலோ, பொருந்தின 7, முதலில் மட்டும் உள்ளன 2, இரண்டாவதில் மட்டும் உள்ளன 11, ஆக 20 நிரைகள் வருகின்றன. நவதிருப்பதிக் கோயில்கள் யாவும் திவ்விய தேசங்களாயிருக்க, இரண்டு மட்டும் துணையின்றி நிற்பது எங்ஙனம் என்னும் வினா உடனே எழுகின்றது.

அவ்விரண்டும் இரட்டைத் திருப்பதியின் தேவர்பிரான் கோயிலும் அரவிந்தலோசனர் கோயிலும் ஆகும். நவதிருப்பதி எண்ணுவோர் இவற்றை இரண்டாகக் கொள்வர். திவ்விய தேசம் எண்ணுவோர் தொலைவில்லிமங்கலம் என ஒன்றாகவே கொள்வர். பெயரும் வேறு, எண்ணும் முறையும் வேறு. ஆகவே இங்குத் தோன்றிய இன்மை உண்மையான இன்மையன்று. பெயர் வேறுபாட்டால் விளைந்த போலி இன்மை என்க.

இதனைத் திருத்துதற்குப் பெயரை விடுத்து ஊரெண் ஒன்றைத் திறவுநிரலாக வகுத்தல் வேண்டும். தொலைவில்லிமங்கலத்திற்குரிய எண்ணையே இரு கோயில்கட்கும் தந்தால், பொருந்தின 9, முதலில் மட்டும் உள்ளன இல்லை, இரண்டாவதில் மட்டும் உள்ளன 10, ஆக 19 நிரைகள் ஆகின்றன. இதுவே சரியான விடை.

இப்பத்தொன்பதைப் பெறுதற்கு விரைவான வழியென எண்ணிச் சிலர் இடப்புற இணைப்பையும் வலப்புற இணைப்பையும் அப்படியே சேர்த்துவிடுவர். அதனால் வரும் பிழையையும் இதே சான்றிற் காணலாம். இடப்புற இணைப்பில் 9 நிரைகள். வலப்புற இணைப்பில் 19 நிரைகள். ‘யூனியன் ஆல்’ கொண்டு சேர்த்தால் 28 ஆகும். பொருந்திய ஒன்பதும் இருமுறை வந்துவிட்டன. இரட்டிப்பைத் தவிர்க்க ‘ஆல்’ இன்றி ‘யூனியன்’ என மட்டும் கூறினால், அஃது ஒத்த நிரைகளை எல்லாம் ஒன்றாக்கிவிடும். ஊர்ப்பெயர் நிரலை மட்டும் கேட்டிருப்போமாயின் தொலைவில்லிமங்கலத்தின் இரு நிரைகளும் ஒன்றாகி, விடை 18 எனக் குறையும். ஒரு வழி மிகுதியாகவும் மற்றொரு வழி குறைவாகவும் முடிதலின், துணையில்லாதவற்றை மட்டும் பிரித்தெடுத்து ‘யூனியன் ஆல்’ கொண்டு சேர்ப்பதே தக்கது. கேட்பாரற்று ஒரு கோயில் மறைதல் பட்டியலுக்கு இழுக்காகும்.

பெயரைத் திறவுநிரலாகக் கொள்வதில் இதற்கு மறுதலையான இடர்ப்பாடும் உண்டு. வைகுந்தம் என்பது பொருநைக்கரை ஊரையும் குறிக்கும், பரமபதத்தையும் குறிக்கும். எழுத்தொப்புமை ஒன்றையே நோக்கும் கருவி இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும். போலி இன்மையைப் போலவே போலி இணைப்பும் களையப்படல் வேண்டும். போலி இன்மையைப் புறவிணைப்பு தானே காட்டிக்கொடுக்கும். போலி இணைப்பையோ பொருளறிந்த புலவரே கண்டறிதல் வேண்டும்.

5. வெற்றிடத்தின் இயல்பு

புறவிணைப்பால் வந்த வெற்றிடம் சுழியத்தினும் வேறு. எழுத்தில்லாச் சொல்லினும் வேறு. அதனோடு எதனை ஒப்பிட்டாலும் ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ விடை வாராது. ‘அறியோம்’ என்னும் மூன்றாம் விடையே வரும். வினவல்மொழி ‘ஆம்’ என வந்த நிரைகளை மட்டுமே காட்டும். இவ்வியல்பை உணராதார் அரிதின் முயன்று காத்த நிரைகளைத் தம் கையாலேயே இழப்பர்.

ஆழ்வார் பட்டியலையும் திருப்பதிப் பட்டியலையும் இடப்புற இணைப்பால் பொருத்திய பின், ‘நாடு பாண்டிநாடு ஆயின்’ என ஒரு வரையறையை இறுதியிற் சேர்த்தால் மதுரகவியார் மீண்டும் மறைவர். அவர் நேர் நாடு என்னும் நிரல் வெற்றிடம். வெற்றிடம் பாண்டிநாடு ஆகுமோ என்பதற்கு விடை ‘அறியோம்’. ஆகவே அவ்வரையறையை இணைப்பின் விதியோடு சேர்த்தே கூறல் வேண்டும். இணைத்து முடித்தபின் கூறலாகாது. ‘ஆன்’ என்னும் பகுதியில் வைப்பதற்கும் ‘வேர்’ என்னும் பகுதியில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மற்றோர் இடர்ப்பாடு ‘நாட் இன்’ என்னும் தொடரால் வருவது. சங்கப் புலவர் பட்டியலை வைத்துக்கொண்டு, ‘புறநானூற்றிற் பாடினோர் பெயர்நிரலில் இல்லாத புலவர் யாவர்?’ என இத்தொடராற் கேட்பதாகக் கொள்வாம். புறநானூற்றில் ஆசிரியர் பெயர் அறியப்படாத பாடல்கள் உள்ளமையின் அந்நிரலில் வெற்றிடங்களும் இருக்கும். அந்நிலையில் கருவி ஒருவர் பெயரையும் தாராது. பெயரறியாப் பாடலை அப்புலவரே பாடியிருத்தலும் கூடும் ஆதலின், அவர் இல்லை எனத் துணிய இயலாது என்பது அதன் அளவைநெறி. ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ தொடராற் கேட்டால் பெயர்கள் வரும். ஆயினும் அங்ஙனம் வந்தாரைப் புறநானூற்றிற் பாடாதார் என எழுதுதல் பொருந்தாது. பாடியதாகப் பெயர் குறிக்கப்பெறாதார் என எழுதுதலே முறை. கருவியின் முடக்கமும் சில வேளைகளில் ஆராய்ச்சியாளர்க்கு அடக்கம் கற்பிக்கின்றது.

6. இன்மையின் வகைகள்

வெற்றிடக் குறி ஒன்றேயாயினும் அது குறிக்கும் இன்மை பலவாகும். நம் துறையில் மூன்றேனும் வேறு பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, இருந்து இழந்தது. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இன்று இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130-ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இவ்வின்மையைக் காண, ஒன்று முதல் நானூறு வரை எண்கள் மட்டும் கொண்ட பட்டியலொன்றை அமைத்து, அதனை இடப்பக்கம் வைத்துப் புறநானூற்றுப் பட்டியலோடு பொருத்துதல் எளிய வழி. உள்ள பாடல்களை மட்டும் எத்துணை முறை எண்ணினும் 398 என வருமேயன்றி, இல்லாதன எவை என்பது புலப்படாது. இருந்திருக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று முன்னிற்றல் வேண்டும்.

இரண்டாவது, உளதாயினும் அறியப்படாதது. பெயரறியாப் புலவரின் பெயர் இவ்வகையது. பாடல் உண்டு எனின் பாடினாரும் உண்டு; அவர் பெயரே கிட்டவில்லை.

மூன்றாவது, பொருந்தாமையால் இல்லாதது. மதுரகவியார் பாடிய திருப்பதி யாது என்னும் வினாவே அவர்க்குப் பொருந்துவதன்று. இங்கு இழப்பும் இல்லை, அறியாமையும் இல்லை.

காட் அவர்களும் 1990-இல் வெளியிட்ட தம் நூலில், பொருந்தும் எனினும் கிடைக்காதது, பொருந்தாமையாற் கிடைக்காதது என இருவகைக் குறிகள் வேண்டும் எனக் கருதினார். வினவல்மொழியின் தரம் அதனை ஏற்கவில்லை. ஒரே குறியே நிலைத்தது. ஆகவே இவ்வேறுபாட்டைக் காத்தல் பட்டியல் அமைப்பாரின் கடமையாகின்றது. இன்மையின் வகையைக் குறிக்கத் தனிநிரல் ஒன்று வகுத்து, ‘இழந்தது’, ‘அறியப்படாதது’, ‘பொருந்தாதது’ என எழுதிவைத்தல் சாலும். மேலே கூறிய ஊர்ப்பெயர் வேறுபாட்டால் வரும் போலி இன்மை இம்மூன்றனுள் ஒன்றும் அன்று. அதனைத் திருத்திய பின்னரே ஏனையவற்றை வகைப்படுத்தல் வேண்டும்.

முடிவுரை

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் கிடைத்த வரலாறாகக் குருபரம்பரை நூல்கள் கூறுவது இவ்விடத்து நினைத்தற்குரியது. வீரநாராயணபுரத்து நாதமுனிகள், திருக்குடந்தைப் பெருமான்மேல் அமைந்த பாசுரங்களைப் பாடக் கேட்டார். ஆயிரத்துள் இவை பத்து என்னும் குறிப்பு இறுதிப் பாசுரத்தில் இருந்தது. கேட்டது பத்து, இருந்திருக்க வேண்டியது ஆயிரம். எஞ்சியன எங்கே என்னும் வினாவோடு அவர் திருக்குருகூருக்கு வந்தார். இங்கும் திருவாய்மொழி கிடைக்கவில்லை. மதுரகவியாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பே கிடைத்தது. அதனைப் பன்னீராயிரம் உருச் செய்து நம்மாழ்வாரிடமிருந்து எஞ்சியவற்றையும் அவர் பெற்றார் என்பது மரபு.

இம்மரபின் வரலாற்றுத் தன்மையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன்கண் உள்ள இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு இயைவன. உள்ளதைக் கண்டு அமையாது, இல்லாததன் அளவை உணர்ந்தமையாலேயே தேடல் தொடங்கிற்று என்பது ஒன்று. அகவிணைப்பு எந்நிரையைத் துணையில்லாதது எனத் தள்ளிற்றோ, மரபின்படி அந்நிரையே ஏனைய எல்லாவற்றையும் மீட்கும் வாயிலாயிற்று என்பது மற்றொன்று. பொருந்தாது நிற்கும் நிரை பயனற்றது எனத் துணிதற்கு முன்னர், அதனை ஒருமுறை கண்ணாற் காணும் வாய்ப்பேனும் நமக்கு இருத்தல் வேண்டும். கருவி அவ்வாய்ப்பைத் தாராவிடின் மேற்கூறிய மூன்று படிகளால் அதனை நாமே ஆக்கிக்கொள்ளலாம். பட்டியல் அமைக்கும் ஆய்வு மாணவர்கள், பொருந்தின இத்துணை என எழுதுமிடத்தெல்லாம், பொருந்தாதன இத்துணை, அவை இன்ன வகையின என்பதையும் உடன் எழுதுவாராயின், அப்பட்டியல் பின்வருவார்க்கும் பயன்படும்.